ஆபாசம் இல்ல பாஸ், பொய்தான் பிரச்சனை: 'இருட்டு அறையில் முரட்டு குத்து' பத்தி ஒரு ஜிஹெச் டாக்டரோட த்ரெட்

1/ 'இருட்டு அறையில் முரட்டு குத்து' 2018 மே 4-ல வந்த படம். அதை இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு இப்ப தோண்டி எடுக்கறேன்னு கேப்பீங்க. போன வாரம் என் ஓபியில ஒரு பையன் அந்தப் படத்தோட பேரைச் சொன்னான். சிரிச்சுக்கிட்டே சொல்லல. த்ரெட் கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வாங்க. ஆபாசம், கலாச்சாரச் சீரழிவுன்னு திட்டப் போறேன்னு நினைச்சு வந்தவங்களுக்கு இப்பவே சொல்லிடறேன், ஏமாந்து போவீங்க.

2/ நான் வேலை பாக்கறது கும்மிடிப்பூண்டி பக்கம். ஜிஎன்டி ரோட்ல போனவங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் சிப்காட், இரும்பு ஆலை, டயர் கம்பெனி. இன்னொரு பக்கம் வரிசையா ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ரூம்கள். ஒரு ரூமுக்கு அஞ்சு பேர், ஆறு பேர். எல்லாம் இருபதுல இருந்து முப்பதுக்குள்ள. பாதிப் பேர் தென் மாவட்டம், மீதி ஒடிசா, பீகார். ஏ ஷிஃப்ட் போனவன் பாயில சி ஷிஃப்ட் வந்தவன் படுப்பான். இவங்க பொழுதுபோக்கு என்ன? ஒரு ஃபோன். அதுல ஒரு படம். சுத்தி ஆறு தலை.

3/ பையனுக்கு 25 வயசு. அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். ஒரு மாசத்துல நாலாவது தடவை ஓபிக்கு வர்றான். மூணு தடவையும் 'வயித்து வலி சார்'. மூணு தடவையும் கேஸ் மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ். நாலாவது தடவை சீட்டை நீட்டிட்டு நகரவே இல்ல. பின்னாடி நின்ன பாட்டி "தள்ளுப்பா"ன்னாங்க. அவன் குனிஞ்சு மெதுவா, "தனியா பேசணும் சார்"னான்.

4/ ஓபி முடிஞ்சு ஒரு மணிக்கு வரச் சொன்னேன். வந்தான். ஊர்ல பொண்ணு பாத்துட்டாங்க, தையில கல்யாணம். ரூம்ல ஒரு ராத்திரி இந்தப் படம் ஓடியிருக்கு. எல்லாரும் சிரிச்சாங்க, இவனும் சிரிச்சான். அப்புறம் ஒவ்வொருத்தனும் அவனவன் 'அனுபவத்தை' அள்ளி விட்டிருக்கான். இவன் முறை வந்தப்போ ஒண்ணும் சொல்லத் தெரியல. அன்னைல இருந்து ரூம்ல இவனுக்குப் பேரு 'கன்னிப் பேய்'. அதுக்கும் சிரிச்சிருக்கான். ராத்திரி தூக்கம் போச்சு.

5/ "இல்லாமலேயே போனா ஃபர்ஸ்ட் நைட்ல மானம் போயிடும்டா, முதல்ல செக் பண்ணிக்கோ"ன்னு ஒருத்தன் லாட்ஜ் டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கான். மாசம் ஒரு தடவை வந்து ரூம் போட்டு உக்கார்ற ஆசாமி. நாடி பிடிச்சாராம். "கைப்பழக்கத்தால நரம்பெல்லாம் தளர்ந்து போச்சு, தாது தண்ணியாயிடுச்சு, நல்லவேளை இப்ப வந்த"ன்னாராம். பவுடர், லேகியம் சேர்த்து பதினெட்டாயிரம். ஒரு ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது எத்தனை ஓவர்டைம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

6/ பவுடர் சாப்பிட்டா என்ன ஆகுதுன்னு கேட்டேன். தலைவலி, முகமெல்லாம் சூடு, சில நேரம் கண்ணு முன்னாடி நீலமா தெரியுது. டாக்டர்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். நாட்டு மருந்துங்கற பேர்ல சில்டெனாஃபில் கலந்திருக்காங்கன்னுதான் என் சந்தேகம். வயக்ராவுல இருக்கற அதே மருந்து. 25 வயசுப் பையன் தப்பிச்சுட்டான். இதே பவுடரை நெஞ்சுவலிக்கு நாக்கடியில சார்பிட்ரேட் வைக்கற 50 வயசுக்காரர் சாப்பிட்டிருந்தா? ரெண்டும் சேர்ந்தா ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போயிடும். உயிரே போகலாம்.

7/ கடைசியா அவன் சொன்னதுதான் இந்த த்ரெட்டுக்குக் காரணம். "கல்யாணத்தை நிறுத்திடலாம்னு இருக்கேன் சார். என்ன காரணம் சொல்றதுன்னு தெரியல. செத்துட்டா காரணம் சொல்ல வேண்டியதில்லயேன்னு ரெண்டு நாளா தோணுது." அவன் உடம்புல எந்தக் கோளாறும் இல்ல. ரத்தப் பரிசோதனை, சுகர், தைராய்டு எல்லாம் பாத்தாச்சு. எதுவுமே இல்லாத ஒரு வியாதிக்காகச் சாகறதுக்கு ரெடியா இருந்தான்.

8/ படம் பாத்துத்தான் இப்படி ஆனான்னு நான் சொல்லல. அப்படிச் சொன்னா அது மருத்துவமும் இல்ல, நேர்மையும் இல்ல. பயம் அவனுக்குள்ள முன்னாடியே இருந்துச்சு. படம் வந்து அந்தப் பயத்துக்கு ஒரு பேரும் ஒரு சிரிப்பும் குடுத்துச்சு. லாட்ஜ் ஆசாமி பில் போட்டான். நாங்க பி காம்ப்ளெக்ஸ் குடுத்தோம். இதுல யாருக்கு எவ்ளோ பங்குங்கறதுதான் பேச்சு.

9/ படத்துக்கு வர்றேன். பாக்காதவங்களுக்கு ரெண்டு வரி. சந்தோஷ் பி. ஜெயக்குமார் டைரக்‌ஷன். 'ஹர ஹர மஹாதேவகி' (2017) எடுத்தவர். கௌதம் கார்த்திக்கும் ஷா ராவும் ஃப்ரெண்ட்ஸ். வைபவி சாண்டில்யா, யாஷிகா ஆனந்தோட ஜோடி ஜோடியா தாய்லாந்து போறாங்க. தங்கற பங்களாவுல ஒரு பேய், சந்திரிகா ரவி. கன்னியாவே செத்துப்போன அந்தப் பேய்க்கு வேண்டியது இதுவரை எந்தப் பொண்ணையும் தொடாத ஒரு ஆம்பளை. மீதியெல்லாம் ஓட்டம், துரத்தல், ரெட்டை அர்த்தம்.

10/ முதல்ல படத்துல நல்லது என்னன்னு பாப்போம். ஒண்ணு, நேர்மை. தலைப்பே என்ன படம்னு சொல்லிடுது. 'ஏ' சான்றிதழ் வாங்கி, 18 வயசுக்கு மேல உள்ளவங்க மட்டும் வாங்கன்னு போர்டு வெச்சுத்தான் கதவைத் திறந்தாங்க. 'யு' சான்றிதழ் வாங்கிட்டு, வேணாம்னு சொல்ற பொண்ணு பின்னாடியே ரெண்டரை மணி நேரம் ஹீரோ சுத்தறதைக் காதல்னு காட்டற படங்களை மடியில குழந்தையை வெச்சுக்கிட்டுப் பாத்தோமே, அதை விட இது எவ்வளவோ மேல். நாட்டுச் சாராயத்தைப் பால் பாட்டில்ல ஊத்தி விக்கல.

11/ ரெண்டு, பேய். தமிழ் சினிமாவுல பொம்பளைப் பேய்க்கு ஒரே வேலைதான். யாரோ கெடுத்துக் கொன்னிருப்பாங்க, அவ பழிவாங்க வருவா. 'காஞ்சனா', 'அரண்மனை'ன்னு வரிசையா பாத்துச் சலிச்ச நேரம் அது. அந்த நேரத்துல ஒரு பேய் ஆசை தீராமத் திரும்பி வந்துச்சு. பொண்ணுக்கும் ஆசை இருக்கும்ங்கறதைச் சொல்ல தமிழ் சினிமாவுக்கு அவளைச் சாகடிக்க வேண்டியிருந்துச்சுங்கறது வேற கதை. ஆனாலும் ஐடியா புதுசு.

12/ மூணு, ஃப்ரெண்ட்ஷிப். பசங்க தனியா இருக்கறப்போ இப்படித்தான் பேசிக்கறாங்க. எம்பிபிஎஸ் ஹாஸ்டல்ல நாங்க இதை விட மோசமாப் பேசினோம். படம் வந்தப்போ டூட்டி முடிச்சுட்டு நாலு டாக்டர்ங்க செகண்ட் ஷோ போனோம். சில இடத்துல வயிறு வலிக்கச் சிரிச்சேன். இப்போ நல்லவன் வேஷம் போட மாட்டேன். பன்னெண்டு மணி நேரம் உலைக்குப் பக்கத்துல நின்னுட்டு வர்றவன் ராத்திரி கொச்சையா ஒரு ஜோக் கேட்டுச் சிரிக்கறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல.

13/ அப்புறம் என்னதான் பிரச்சனை? ஆபாசம் இல்ல. ரெண்டு மணி நேரமும் செக்ஸ் பத்தியே பேசற படம் செக்ஸ் பத்தி ஒரு உண்மையைக் கூடச் சொல்லல. ஊர்ல ஏற்கனவே உலாத்திக்கிட்டு இருந்த மூணு பொய்யைப் பொறுக்கி, வறுத்து, மசாலா போட்டுத் திரும்ப நம்ம தட்டுலயே வெச்சுது. அந்த மூணும் என் ஓபிக்கு தினமும் சீட்டு போட்டுக்கிட்டு வருது.

14/ பொய் ஒண்ணு: அனுபவம் இல்லாத ஆம்பளை ஒரு ஜோக். மொத்தக் கதையும் இது மேலதான் நிக்குது. ஒரு ஆம்பளை இதுவரை யாரையும் தொடலைங்கறதை எந்த டாக்டராலயும், எந்தப் பேயாலயும் கண்டுபிடிக்க முடியாது. உடம்புல அதுக்கு முத்திரை கிடையாது. அது குறையும் இல்ல, பெருமையும் இல்ல. நேத்து வரைக்கும் நீங்க பிரியாணி சாப்பிட்டதில்லைங்கற மாதிரி ஒரு தகவல், அவ்ளோதான்.

15/ கூடவே வர்ற குட்டிப் பொய்களையும் அடிச்சுடறேன். 'ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தத்துக்குச் சமம்' சுத்தப் பொய். ஒரு தடவை வெளிவர்றது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், அதுல பெரும்பகுதி தண்ணி. உடம்பு அதைத் தயாரிச்சுக்கிட்டே இருக்கும், ஸ்டாக் தீராது. தூக்கத்துல வெளியாகறது வியாதி இல்ல. கைப்பழக்கத்தால நரம்பு தளராது, கண்ணு உள்ளே போகாது, பிள்ளை பிறக்காமப் போகாது. இந்தப் பயத்துக்கு மனநல மருத்துவத்துல தனிப் பேரே இருக்கு, 'தாத் சிண்ட்ரோம்'. 1960-ல பேராசிரியர் என்.என். விக் வெச்ச பேர். தாதுங்கற நம்ம வார்த்தைதான் அது. வியாதி தாதுல இல்ல, பயத்துல.

16/ லாட்ஜ் ஆசாமிங்களுக்கு ஒரு தகவல். 'ஆண்மைக் குறைவு குணமாகும், இல்லற இன்பம் கூடும்'னு மருந்துக்கு விளம்பரம் பண்றது சட்டப்படி குற்றம். மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம், வருஷம் 1954. எங்கப்பா பிறக்கறதுக்கு முன்னாடி வந்த சட்டம். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவத்தைப் பாத்தா யாரும் அதைப் படிச்ச மாதிரி தெரியல.

17/ பொய் ரெண்டு: ரெண்டு ஆம்பளைங்க நெருக்கமா இருந்தா அது சிரிப்பு. படத்துல ஓரினச் சேர்க்கையை வெச்சு எத்தனை ஜோக்! ஃப்ரெண்ட்ஷிப் படம் எடுக்கறவங்களுக்கு இதுல ஒரு பயம். ரெண்டு பசங்க பாசமாக் கட்டிப்பிடிச்சா, உடனே 'நாங்க அவனுங்க இல்லப்பா'ன்னு ஒரு ஜோக் போட்டு விலகிக்கணும். படம் வந்தது மே மாசம். நாலு மாசம் கழிச்சு, 2018 செப்டம்பர் 6-ல, வயசு வந்த ரெண்டு பேர் சம்மதத்தோட சேர்ந்து வாழறது குற்றமில்லன்னு உச்ச நீதிமன்றம் 377-ஐ வெட்டி எறிஞ்சுது. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்தது 1990-ல. ஜோக் மட்டும் அப்படியே ஓடுது.

18/ ஒரு பையன் என்கிட்ட கேட்டிருக்கான்: "பொண்ணுங்க மேல ஆசை வரதுக்கு ஊசி எதுவும் இருக்கா சார்?" இல்லன்னேன். தேவையும் இல்லன்னேன். எங்கயாவது 'மாத்திடறோம்'னு சொன்னா ஓடி வந்துடுன்னேன். 2021 ஜூன் 7-ல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த மாதிரி 'மாத்தற' வைத்தியத்தைத் தடை பண்ணினார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அதை டாக்டர்களோட தொழில் ஒழுங்கீனம்னு அறிவிச்சுது. அந்தப் பையன் ரூம்லயும் ராத்திரி இதே மாதிரி படம் ஓடும். எல்லாரும் சிரிக்கறப்போ அவனும் சிரிக்கணும். கொஞ்சம் லேட்டாச் சிரிச்சா மாட்டிக்குவான்.

19/ பொய் மூணு: ஆம்பளை 'வேணாம்'னு சொல்லவே மாட்டான், சொன்னா அது காமெடி. யோசிச்சுப் பாருங்க. விருப்பமில்லாத ரெண்டு பேரை ஒருத்தி படுக்கைக்குத் துரத்தறா, தப்பிக்க முடியல. இதை அப்படியே திருப்பிப் போட்டு, ஆம்பளைப் பேய் ரெண்டு பொண்ணுங்களைத் துரத்தற மாதிரி எடுத்திருந்தா யாராவது சிரிச்சிருப்பாங்களா? ஆம்பளைன்னா எப்பவும் ரெடியா இருக்கணும்ங்கற நம்பிக்கையில இருந்துதான் அந்தச் சிரிப்பு வருது.

20/ அந்த நம்பிக்கைக்கு விலை இருக்கு. பாலியல் தாக்குதலுக்கு ஆளான பசங்களும் ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. பெரும்பாலும் 'கீழ விழுந்துட்டேன்'னு சொல்லித்தான் வருவாங்க. 18 வயசுக்குக் கீழன்னா போக்சோ சட்டம் பையன், பொண்ணு வித்தியாசம் பாக்காது. 18 தாண்டிட்டா? 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல பாலியல் வல்லுறவுன்னா பாதிக்கப்பட்டவர் பொண்ணாத்தான் இருக்கணும். பழைய 377-ல மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச பாதுகாப்பும் புதுச் சட்டத்துல இல்ல. சினிமாவுல மட்டும் இல்ல, சட்டப் புத்தகத்துலயும் ஆம்பளையோட 'வேணாம்'க்கு இடம் இல்ல. அதை ஜோக்காக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்.

21/ இந்நேரம் கீழ கமெண்ட் வந்திருக்கும்: 'காமெடிப் படம் ப்ரோ, காமெடியாப் பாருங்க.' வாங்க, உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். 1983-ல பாக்யராஜ் 'முந்தானை முடிச்சு'ல முருங்கைக்காயை வெச்சு ஒரு ஜோக் பண்ணினார். நாப்பது வருஷம் தாண்டிடுச்சு. இன்னைக்கும் என் ஓபியில புதுசா கல்யாணம் ஆனவன் "முருங்கைக்காய் சாப்பிட்டா நல்லதா சார்?"னு கேக்கறான். நல்ல காய்தான், சாம்பாருக்கு. அந்த விஷயத்துக்கு உதவும்னு உருப்படியான ஆதாரம் கிடையாது. ஒரே ஒரு ஜோக் ரெண்டு தலைமுறைக்குப் பாடம் நடத்தியிருக்கு. காமெடிக்கு சக்தி இல்லன்னு இனிமே என்கிட்ட சொல்லாதீங்க.

22/ அந்த சக்தி நல்லதுக்கும் வேலை செஞ்சிருக்கு. 2000களோட தொடக்கத்துல ஸ்கூல் படிச்சவங்களுக்கு நினைவிருக்கும், 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' சுவரெல்லாம், பஸ்ஸெல்லாம் அதே கேள்வி. யார்றா இந்த புள்ளிராஜான்னு டீக்கடையில சிரிச்சுக்கிட்டே பேசினாங்க. இந்தியாவுல முதல்முதலா 1986-ல எச்ஐவி கண்டுபிடிச்சது நம்ம சென்னையில, டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில. வாயைத் திறக்கவே கூசின அந்த விஷயத்தை டீக்கடை வரைக்கும் கொண்டு வந்தது ஒரு குறும்புச் சிரிப்பு. லாரிங்க வரிசை கட்டி நிக்கற இந்த ஹைவேயில அது எவ்ளோ முக்கியம்னு சொல்ல வேண்டியதில்ல.

23/ கொச்சைக் காமெடியே எடுக்கணும், ஆனா பொய் சொல்லாம எடுக்க முடியுமான்னு கேட்டா 'டெல்லி பெல்லி' (2011) பாருங்க. ஒரே ரூம்ல மூணு பசங்க, வாயைத் திறந்தா கெட்ட வார்த்தை. ஒருத்தனுக்கு வயித்துப்போக்கு. டாக்டர் கேட்ட மல சாம்பிளும் கடத்தல் வைரமும் மாறிப் போச்சு, அதுதான் கதை. ஓபியில சாம்பிள் டப்பா குடுத்தா ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கொண்டு வர்றவங்களைப் பாத்த எனக்கு அந்தப் படம் கிட்டத்தட்ட டாகுமென்டரி. அதுல மெயினா சிரிக்க வைக்கறது வயிறும் பசங்களோட சொதப்பலும்தான். எவனும் வீட்டுக்குப் போய் 'எனக்கு ஏதோ குறை'ன்னு தூக்கம் கெட்டுக் கிடக்க மாட்டான். தமிழ்ல அதை 'சேட்டை'ன்னு (2013) எடுத்தப்போ குளிப்பாட்டி, பவுடர் போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க. சத்து போயிடுச்சு. நமக்கு ஒண்ணு வாய்க்குப் பூட்டு, இல்லன்னா வாய் நிறையப் பொய். நடுவுல ஒண்ணும் கிடையாது.

24/ இப்போ எதிர் கோஷ்டிக்கு வர்றேன். 2020-ல இதோட அடுத்த பாகம் 'இரண்டாம் குத்து' போஸ்டர் வந்தப்போ பாரதிராஜா கோவமா அறிக்கை விட்டார். டைரக்டர் பதிலுக்கு, 1981-ல பாரதிராஜா எடுத்த 'டிக் டிக் டிக்' பட ஸ்டில்லைப் போட்டு, அப்போ கண்ணு கூசலயான்னு கேட்டார். அப்புறம் வருத்தமும் தெரிவிச்சார். தமிழ்நாடே ரெண்டு கட்சியாச்சு. அந்தச் சண்டையில எல்லாரும் பேசினது எவ்ளோ உடம்பு தெரியுதுங்கறதைப் பத்தி மட்டும்தான். படம் என்ன சொல்லித் தருதுன்னு ஒருத்தரும் கேக்கல.

25/ 'நம்ம கலாச்சாரத்துல இதெல்லாம் கிடையாது'ன்னு சொல்றவங்க ஒரு ராத்திரி எங்க திருவள்ளூர் மாவட்டத்து கிராமத்துக்கு வந்து தெருக்கூத்து பாருங்க. கட்டியங்காரன் பேசறதைக் கேட்டு முன்வரிசைப் பாட்டிங்க முந்தானையால வாயை மூடிக்கிட்டுச் சிரிப்பாங்க. கி.ரா. ஊர் ஊரா சேகரிச்ச பாலியல் கதைகள் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்'னு புத்தகமாவே வந்திருக்கு. நம்ம சனங்க எப்பவும் இதைப் பேசித்தான் இருக்காங்க. பேசாம இருந்தது படிச்ச நம்மதான்.

26/ பத்தாவதுல இனப்பெருக்க மண்டலம் பாடம் வந்தப்போ உங்க டீச்சர் என்ன பண்ணினாங்க? எங்க சார், "இதை நீங்களே வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு பக்கத்தைத் திருப்பிட்டார். அதே பாடத்தைப் படிக்கறதுக்குப் பையன் எங்கெங்கோ போனான். ஃபோன்ல வர்ற ப்ளூ ஃபிலிம், ரூம் சீனியர், லாட்ஜ் ஆசாமி, இந்தப் படம். பக்கத்தைத் திருப்பின கைதான் இப்போ 'ஐயோ சீரழிஞ்சு போச்சே'ன்னு தலையில அடிச்சுக்குது. வீட்ல சோறு போடாம, 'ரோட்டுக் கடையில ஏன்டா தின்ன'ன்னு கேக்கற கதை.

27/ டாக்டர்ங்க ரொம்ப யோக்கியமான்னு கேக்கறீங்களா? இல்ல. நான் எம்பிபிஎஸ்ல தடயவியல் மருத்துவம் படிச்சப்போ, ஒரு பொண்ணு கன்னியா இல்லையான்னு கண்டுபிடிக்கறது எப்படின்னு பாடமே இருந்துச்சு. மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கினேன். அதுல அறிவியலே இல்ல. இருவிரல் பரிசோதனை பண்றவங்க மேல நடவடிக்கை எடுக்கணும்னு 2022 அக்டோபர் 31-ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, பாடத்திட்டமும் மாறிச்சு. அந்தப் படத்துப் பேய் தேடினதைத்தான் எங்க பாடப் புத்தகமும் தேடிக்கிட்டு இருந்துச்சு. பேய்க்காவது கதைன்னு சாக்கு இருக்கு.

28/ இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்தப் பையன் மூணு தடவை வயித்து வலின்னு வந்தான்ல? அவனோட பழைய ஓபி சீட்டுகளை வாங்கிப் பாத்தேன். மூணுல ரெண்டு என் கையெழுத்து. ஆளுக்கு ரெண்டு நிமிஷம், கதவு திறந்தே கிடக்கும், தோள் மேல அடுத்த பேஷன்ட்டோட மூச்சு. அங்க நின்னுக்கிட்டு எந்தப் பையன் வாயைத் திறப்பான்? லாட்ஜ் ஆசாமிகிட்ட அவனுக்குக் கிடைச்சது ரெண்டே விஷயம். மூடின கதவு, இருபது நிமிஷம். பொய்யைத்தான் வித்தான், ஆனா உக்கார வெச்சுக் கேட்டுட்டு வித்தான். எங்ககிட்ட உண்மை இருக்கு, நாற்காலி இல்ல.

29/ அதனால செய்ய வேண்டியது. பசங்களா, சந்தேகம் இருந்தா ஜிஹெச் வாங்க, 'தனியா பேசணும்'னு தைரியமாச் சொல்லுங்க. பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல நம்பிக்கை மையம் இருக்கும். எச்ஐவி பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பாங்க. ஃபோன்லயே கேக்கணும்னா 104. எச்ஐவி, பால்வினை நோய் சந்தேகத்துக்கு 1097. மனசு சரியில்ல, சாகணும்னு தோணுதுன்னா 14416, எந்த நேரமும் பேசலாம். உண்மையிலயே விறைப்புப் பிரச்சனை தொடர்ந்து இருந்தா மறைக்காதீங்க. சுகர், பிரஷர், இதயக் கோளாறோட முதல் அறிகுறியா அது இருக்கலாம். லாட்ஜ் பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

30/ ரூம் சீனியர் அண்ணன்களுக்கு: நீங்க அள்ளி விடற கதையில முக்கால்வாசி பொய்னு உங்களுக்கே தெரியும். புதுசா வந்த தம்பி அதை நம்பிடறான். கலாய்ங்க, வேணாங்கல. ஆனா ஒருத்தன் சிரிக்கறதை நிறுத்திட்டான்னா அன்னைக்கு ராத்திரி அவன்கிட்ட ரெண்டு நிமிஷம் தனியாப் பேசுங்க. என் கைக்கு வர்றதுக்கு முன்னாடி அவன் உங்க பக்கத்துப் பாயிலதான் படுத்திருக்கான்.

31/ டைரக்டர்களுக்கு: படத்தைத் தடை பண்ணுன்னு நான் எப்பவும் கேக்க மாட்டேன். இன்னும் எடுங்க, இன்னும் கொச்சையாவே எடுங்க. முதலிரவுல ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாம முழிக்கறது, மெடிக்கல் ஷாப்ல ஆணுறை கேக்க வந்து இருமல் மருந்து வாங்கிட்டுப் போறது, லாட்ஜ் டாக்டர் சொந்த வயித்து வலிக்கு ஜிஹெச் வரிசையில நிக்கறது. ஓபியில தினம் பத்து சீன் ஓடுது. கதை வேணும்னா கேளுங்க, காசு வேணாம்.

32/ அந்தப் பையன் பவுடரை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு. மனநல டாக்டர்கிட்டயும் பேசிட்டான். தலைவலி இல்ல, தூங்கறான். போன தடவை வந்தப்போ பத்திரிகை வெச்சான், தை கல்யாணம். போறப்போ கேட்டான், "சார், நீங்க அந்தப் படம் பாத்திருக்கீங்களா? எப்படி இருந்துச்சு?" பாத்தேன், நல்லாச் சிரிச்சேன்னு உண்மையைத்தான் சொன்னேன். அவன் ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டு, "எனக்கும் பாதி வரைக்கும் சிரிப்பாத்தான் சார் இருந்துச்சு"ன்னான். அந்த மீதிப் பாதியிலயும் அவன் சிரிக்கற மாதிரி ஒரு படம் எடுங்க. முதல் நாள் முதல் ஷோவுக்கு டிக்கெட் வாங்கறேன். த்ரெட் முடிஞ்சுது. தெரிஞ்ச பசங்களுக்கு அனுப்பி விடுங்க.